127 பல் சக்கரம்

கோவையில் ஒரு நூற்பாலை மூடப்பட்டு அதன் மெயின்டனன்ஸ் பிரிவு ஏலத்துக்கு வந்தபோது கடைசல்காரர் ஒருவர் எடுத்தது ஓர் ஆறடி லேத். இங்கிலாந்தில் வார்த்தது. கோன் புல்லி, பெல்ட் டிரைவ். பெட்டின்மேல் விரலை ஓட்டினால் ஹெட் ஸ்டாக்கை ஒட்டித் தேய்ந்த பள்ளம் தட்டுப்படும். சக் இல்லை, ஏலத்துக்கு முன்பே யாரோ கழற்றிப் போயிருந்தார்கள். பேஸ் பிளேட் மட்டும் மூக்கில் இறுகிக் கிடந்ததால் தப்பியது. சேஞ்ச் கியரில் பாதிதான் இருந்தது. ஸ்டெடி இல்லை. எண்பதுகளின் தொடக்கம் அது. கணபதியில் ஒரு வாடகை ஷெட்டில் அதை இறக்கி வைத்தபோது, அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி வந்து பார்த்தார். ஸ்பிண்டிலைக் கையால் சுற்றினார், கிராஸ் ஸ்லைடை ஆட்டினார்.

“லேத்து நல்ல லேத்து கண்ணு. ஆனா இதுக்குச் சாமான் கடையில கெடைக்காது. எல்லாம் இதுலயே செஞ்சுக்கோணும்.”

அடுத்த சில ஆண்டுகள் அவர் செய்தது அதைத்தான். பகலில் பம்ப் ஷாஃப்டும் புஷ்ஷும் கடைந்து வாடகைக்கும் கூலிக்கும் சம்பாதிப்பார். ஆர்டர் இல்லாத நேரத்தில் லேத் தனக்கு வேண்டியதைத் தானே கடைந்துகொண்டது.

சாமான் கிடைக்காத கஷ்டம் கோவைக்குப் பழகியதுதான். 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் மில்கள் பெருகின. இயந்திரங்கள் பெரும்பாலும் லங்காஷயரிலிருந்து கப்பலில் வந்தவை. ஒரு சக்கரத்தில் பல் உடைந்தால் இன்னொன்று வந்து சேர மாதங்கள் ஆகும். போர்க்காலத்தில் அந்த வழியும் அடைபட்டது. உடைந்த சாமானைப் பார்த்தே புதுச் சாமான் செய்கிற பட்டறைகளும் பவுண்டரிகளும் இங்கே வளர்ந்ததற்கு இது ஒரு முக்கியமான காரணம். பிறகு லேத்தே உள்நாட்டில் உருவாகத் தொடங்கியது. ஹரிஹரில் 1941-இல் மைசூர் கிர்லோஸ்கர், பெங்களூரில் 1953-இல் எச்.எம்.டி. என்று கம்பெனிகள் எழுந்தன. பி.எஸ்.ஜி. பெயர் பொறித்த லேத்துகள் பீளமேட்டிலேயே தயாராயின. அவற்றுக்கெல்லாம் அன்றைக்கு உதிரிபாகம் கேட்டால் கிடைத்தது. அவருடைய இங்கிலாந்து லேத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

முதல் வேலை சக். எட்டு அங்குல மூன்று தாடைச் சக் ஒன்றை உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் பிடித்துவிட்டார். அதை ஸ்பிண்டிலோடு சேர்க்க பேக் பிளேட் வேண்டும். ஸ்பிண்டில் மூக்கு இரண்டேகால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 8 மரை, விட்வொர்த் கோணம். ஒரு மரப் பேட்டர்ன் செய்து ஆவாரம்பாளையத்து பவுண்டரியில் கொடுத்தார். வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், சுருங்கும். அந்த ஒரு நூலையும், கடைசலில் போகும் கனத்தையும் சேர்த்துத்தான் பேட்டர்ன் செதுக்க வேண்டும்.

வார்ப்பு வந்தது. ஆனால் எடுத்தவுடன் அதில் கை வைக்க மேஸ்திரி விடவில்லை. பேக் பிளேட்டின் உள்மரையை ஸ்பிண்டிலில் போட்டுப் பார்த்துப் பார்த்து வெட்ட வழியில்லை. ஸ்பிண்டில்தான் அந்த வார்ப்பைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருக்கிறதே! ஆகவே முதலில் ஸ்பிண்டில் மூக்குக்கு ஒரு நகல் வேண்டும். இரண்டு சென்டருக்கு நடுவே ஓர் எம்.எஸ். கட்டையைப் பிடித்து, பேஸ் பிளேட்டும் கேரியரும் அதைச் சுற்ற, அவர் வெளிமரை வெட்டினார். கொஞ்சம் வெட்டுவது, கட்டையை எடுப்பது, பேஸ் பிளேட்டைக் கழற்றி அதன் மரையில் கட்டையை ஏற்றிப் பார்ப்பது, மறுபடி சென்டரில் வைப்பது. சென்டரில் பிடித்த வேலையை எத்தனை முறை எடுத்து வைத்தாலும் மையம் மாறாது, கேரியரின் வால் மட்டும் பேஸ் பிளேட்டில் அதே துளையில் உட்கார்ந்தால் போதும். அதனால்தான் இது முடிந்தது. கடைசியில் பேஸ் பிளேட்டின் மரைக்குள் அந்தக் கட்டை ஆட்டமில்லாமல் எண்ணெயோடு வழுக்கி ஏறியது. கேஜ் தயார்.

பிறகு வார்ப்பைப் பேஸ் பிளேட்டில் கிளாம்ப் போட்டு இறுக்கி, நடுவே போரிங் செய்து, உள்மரை வெட்டி, கேஜை ஏற்றிச் சரிபார்த்தார். பேஸ் பிளேட்டைக் கழற்றிவிட்டுப் புதிய பேக் பிளேட்டை ஸ்பிண்டிலில் திருகினார். அதன் முகத்தையும், சக்கின் முதுகுக் குழிக்குள் உட்காரவேண்டிய படியையும் அங்கே வைத்தே கடைந்தார். ஸ்பிண்டில் எப்படிச் சுற்றுகிறதோ அதையே மையமாக வைத்துக் கடைந்த முகம் அது. சக்கைக் கையால் அழுத்தினால் சிக்கென்று உட்கார வேண்டும், சுத்தியல் தேவைப்படக் கூடாது. மூன்று போல்ட் போட்டு இறுக்கி, தாடையில் ஒரு நேரான தண்டைப் பிடித்து டயல் வைத்தபோது ஊசி மூன்று தௌவுக்குள், அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்குக்குள், ஆடியது. பழைய சக்குக்கு அது அருமையான கணக்கு. அந்த பேக் பிளேட்டைக் கொண்டுபோய், அதே மரை உள்ள இன்னொரு லேத்தில் மாட்டினால் இந்த நேர்மை இருக்குமென்று சொல்ல முடியாது. அது இந்த ஸ்பிண்டிலில் பிறந்தது.

அடுத்தது கிராஸ் ஸ்லைடு. கைப்பிடியைக் கால் சுற்று சுற்றினாலும் டூல் அசையாது, அவ்வளவு ஆட்டம். அந்த ஸ்க்ரூ அங்குலத்துக்கு 5 மரை, சதுர மரை, இடதுகை. சுற்றுக்கு 200 தௌ நகர வேண்டியதில் 50 தௌ நட்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவே காணாமல் போய்க்கொண்டிருந்தது.

நட்டை மட்டும் மாற்றினால் ஆகாதா என்று கேட்டவருக்கு மேஸ்திரி பழைய ஸ்க்ரூவைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். நடுவில் மரை கத்தி விளிம்பாய் மெலிந்திருந்தது. இரண்டு ஓரமும் புதிதுபோல இருந்தது. வேலை நடப்பதெல்லாம் நடுப்பகுதியில்தானே. நடுவுக்குப் பொருந்தும்படி நட் செய்தால் ஓரத்தில் பிடித்துக்கொள்ளும். ஓரத்துக்குப் பொருந்தச் செய்தால் நடுவில் பழைய ஆட்டமே மிஞ்சும். ஆகவே ஸ்க்ரூவும் நட்டும் சேர்ந்தே மாற வேண்டும்.

இந்த இடத்தில்தான் அவருக்கு லேத்தின் அருமை புரிந்தது. கிராஸ் ஸ்லைடு ஸ்க்ரூவைக் கடைய ஒரு லேத் வேண்டும். அந்த லேத்தில் கிராஸ் ஸ்லைடு இருந்தாக வேண்டும். அதாவது, தேய்ந்த ஸ்க்ரூ உள்ளே இருக்கும்போதே அதற்கு மாற்று ஸ்க்ரூ வெட்ட வேண்டும். தேய்ந்ததை வைத்து வெட்டினால் புதியதும் தேய்ந்ததுபோல வந்துவிடாதா? வராது. மரையின் இடைவெளியைத் தருவது லீட் ஸ்க்ரூ. கிராஸ் ஸ்லைடு சொல்வது ஆழத்தை மட்டும். எப்போதும் ஒரே திசையில் உள்ளே தள்ளி, ஒவ்வொரு முறையும் நன்றாகப் பின்னுக்கு இழுத்து மறுபடி முன்னே கொண்டுவந்து நிறுத்தினால் அந்த 50 தௌ ஆட்டம் கணக்கிலேயே வராது. தேய்ந்த பாகம் தன்னைவிட நல்ல பாகத்தைச் செய்து தரும். இரும்பு வேலையில் இதைவிட அழகான உண்மை குறைவு. 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே மரை வெட்டும் லேத்தைச் செம்மைப்படுத்தியபோது அடிப்படையாக நின்றது இதுதான்: நல்ல ஒரு லீட் ஸ்க்ரூ இருந்தால் அதிலிருந்து எத்தனை ஸ்க்ரூ வேண்டுமானாலும் பிறக்கும்.

இன்னொரு சிக்கல், தண்டின் மெலிவு. முக்கால் அங்குலத் தண்டு; மரை ஆழம் இரு பக்கமும் போனால் உள்ளே நிற்பது அரை அங்குலத்துக்குச் சற்று மேல். நீளமோ ஒன்றரை அடி. டூல் அழுத்தும்போது வில்லாய் வளைந்துவிடும். அதற்கு டிராவலிங் ஸ்டெடி வேண்டும். அது ஏலத்திலேயே வரவில்லை. கேரேஜின் முதுகில் இரண்டு மரைத் துளை இருந்தது. அதற்குப் பொருந்துமாறு தடித்த பிளேட்டை வெட்டி, வெல்டிங் வைத்து, கன்மெட்டல் நுனி வைத்த இரண்டு விரல்களைப் பொருத்தினார். டூலுக்கு எதிரே ஒரு விரல், மேலே ஒரு விரல். ஸ்க்ரூ செய்யப் போனவர் ஸ்டெடி செய்தார். பழைய லேத்தில் எப்போதும் அப்படித்தான். ஒன்றைத் தொட்டால் அதற்கு முன்னால் வேறொன்று செய்தாக வேண்டியிருக்கும்.

ஈ.என். 8 தண்டில் மரை வெட்டி முடித்ததும், அதே டூல், அதே கியர் செட்டிங்கில், சில்வர் ஸ்டீலில் ஒரு டேப்பும் வெட்டிக்கொண்டார். ஸ்க்ரூவைவிட இரண்டு தௌ பெரிதாக. பள்ளம் அரத்தில் எடுத்து, முன்பக்கம் படிப்படியாய்ச் சரித்து, செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கிப் பதம் போட்டு, மறுபடி வைக்கோல் நிறம் வரும்வரை இதமாகச் சூடு காட்டினார். நட்டுக்குக் கன்மெட்டல்: நூற்றுக்கு 88 பங்கு செம்பு, 10 பங்கு ஈயம் பூசும் வெள்ளீயம், 2 பங்கு துத்தநாகம். அந்த வார்ப்பைக் கடையும்போது சுருள் வராது. பொன்னிறத் துகளாய் விசிறிக்கொண்டு உதிரும், சட்டைக்குள் புகுந்து சுடும். நட்டை அவர் ஒரே துண்டாய் விடவில்லை. நடுவில் அறுத்து இரண்டாக்கி, இடையில் ஒரு சின்ன ஆப்பும் அதை இறக்க ஒரு திருகும் வைத்தார். நாளை தேய்ந்தால் திருகை இறுக்க, இரண்டு பாதியும் விலகி ஆட்டத்தை எடுத்துவிடும். இங்கிலாந்துக்காரன் வைக்காத வசதி அது. பழுது பார்க்கிறவன் பழைய பாகத்தை அப்படியே நகல் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எங்கே தேயும் என்று அந்தத் தேய்ந்த பாகமே சொல்லிவிட்ட பிறகு, அதைக் கேட்காமல் விடுவதுதான் தவறு.

இனி அந்தப் பல் சக்கரம்.

லேத்தின் லீட் ஸ்க்ரூ அங்குலத்துக்கு 4 மரை. மில் இயந்திரங்களின் போல்ட்டெல்லாம் விட்வொர்த் என்பதால் அது அந்தக் காலத்துக்குப் போதும். ஆனால் 1956-இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்து, எண்பதுகளில் பட்டறைக்கு வரும் வேலையில் பெரும்பாதி மில்லிமீட்டரில்தான் இருந்தது. அங்குல லீட் ஸ்க்ரூவில் மில்லிமீட்டர் மரையைப் பிழையில்லாமல் வெட்ட வேண்டுமென்றால் 127 பல் சக்கரம் வேண்டும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர்; அதை ஐந்தால் பெருக்கினால் 127. அது பகா எண். சின்னச் சக்கரங்களைச் சேர்த்து அதை உண்டாக்க முடியாது.

கணக்கு மனசுக்கு இதமானது. 4 மரை லீட் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 6.35 மில்லிமீட்டர் நகர்த்தும். லீட் ஸ்க்ரூவில் 127-ஐ மாட்டிவிட்டால், வேண்டிய மரை இடைவெளியை 20-ஆல் பெருக்கினால் ஓட்டும் சக்கரத்தின் பல் வந்துவிடும். 1.5 மில்லிமீட்டருக்கு 30 பல். 1.75-க்கு 35. 2 மில்லிமீட்டருக்கு 40. பட்டறைச் சுவரில் சாக்பீஸில் எழுதி வைத்தால் பையன்கள்கூடப் போட்டுவிடுவார்கள்.

மேஸ்திரி வேறு வழி சொன்னார். “63 பல் போட்டு ஓட்டிக்கலாம் கண்ணு. போல்ட்டுக்கு அது போதும்.” அவர் சொன்னது உண்மை. 63-க்கு 80 என்ற விகிதம் 100-க்கு 127-ஐ அவ்வளவு நெருக்கமாகத் தொடுகிறது. 100 மில்லிமீட்டர் நீளத்துக்குப் பிழை 0.0125 மில்லிமீட்டர்தான். நட்டும் போல்ட்டும் அதைக் கண்டுகொள்ளாது. ஆனால் அவருக்கு நீளமான ஸ்க்ரூ வேலைகள் வரத் தொடங்கியிருந்தன. ஒரு மீட்டர் ஸ்க்ரூவில் அந்தப் பிழை எட்டில் ஒரு மில்லிமீட்டர் ஆகிவிடும். 127-ஏ செய்வது என்று முடிவானது.

மற்ற கியர்கள் 16 டி.பி. (டயமெட்ரல் பிட்ச்). ஆகவே 127 பல்லோடு இரண்டைக் கூட்டி 16-ஆல் வகுத்தால் வெளி விட்டம் எட்டு அங்குலமும் அரை நூலும். வார்ப்பைக் கடைந்து, நடுத்துளையும் கீ வேயும் போட்டு, பக்கத்து ஷெட்டில் மில்லிங் வைத்திருந்தவரிடம் எடுத்துப்போனார். இரண்டாம் நம்பர் கட்டர். அது 55 பல்லிலிருந்து 134 பல்வரைக்கும் ஆகும். பல்லின் ஆழம் 135 தௌ.

பல்லைப் பிரிப்பதுதான் பாடு. டிவைடிங் ஹெட்டின் கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் வேலை ஒரு சுற்று சுற்றும். 40-ஐ 127-ஆல் வகுக்க, 127 துளை உள்ள பிளேட் வேண்டும். அவரிடம் அது இல்லை. ஆகவே 120 பல்லுக்கான கணக்கில் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே, பிளேட்டும் தானாகப் பின்னுக்கு நகர்ந்து மீதியைச் சரிசெய்யுமாறு ஸ்பிண்டிலுக்கும் பிளேட்டுக்கும் இடையே கியர் பூட்ட வேண்டும். 39 துளை வட்டத்தில் 13 துளை; பூட்டும் கியர் 56-க்கு 24. இதில் ஐட்லர் சக்கரம் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ பிளேட் எதிர்த்திசையில் சுற்றும். அப்போது 127-க்குப் பதில் 113 பல் விழும்! ஏழு கூட வேண்டிய இடத்தில் ஏழு குறைந்துபோகும்.

அதனால் மில்லிங்காரர் முதலில் ஆழமாய் வெட்டவில்லை. கட்டர் இரும்பைத் தொட்டும் தொடாமலும், தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. அடுத்த கோடு. சுற்றி முழுக்கக் கோடாகவே போட்டு, சாக்பீஸில் பத்துக்கு ஒரு புள்ளி வைத்து எண்ணினார்கள். 127 கோடு முடிந்து அடுத்தது முதல் கோட்டின்மேலேயே இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. அதற்குப் பிறகே கட்டரை 135 தௌ இறக்கினார்கள். வேலை முடிய இருட்டிவிட்டது. மில்லிங்காரர் கூலியில் பாதியை வாங்க மறுத்தார். “நமக்கும் ஒரு நாளைக்கு மெட்ரிக் மரை வேணுமுங்களே” என்றார். அப்படி ஷெட்டுக்கு ஷெட் கொடுக்கல் வாங்கலில் நடந்த வேலைக்கு எந்தப் பில்லிலும் கணக்கில்லை. கணபதியின் தொழில் அந்தக் கணக்கில்லாத பகுதியில் நின்றது என்று சொன்னால் மிகையில்லை.

127 போட்டு வெட்டும்போது ஒன்றை மறக்கக் கூடாது: ஹாஃப் நட்டைத் திறக்கக் கூடாது. அங்குலமும் மில்லிமீட்டரும் ஒன்றோடொன்று வந்து சேரும் இடத்தை மறுபடி பிடிப்பது பெரும்பாடு. வெட்டு முடிந்ததும் டூலைப் பின்னுக்கு இழுத்து, மோட்டாரை ரிவர்ஸில் போட்டு, கேரேஜைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். மரை மூக்குள்ள ஸ்பிண்டிலில் ரிவர்ஸை வெடுக்கென்று போட்டால் சக்கே கழன்று உருண்டுவிடும். ஓட்டம் முழுக்க நின்ற பிறகு, மெதுவாக. புதிதாய்ச் சேரும் பையனுக்கு அவர் மற்ற எதற்கும் முன்னால் இதைச் சொன்னார்.

சின்னச் சாமான்கள் பல. டெயில் ஸ்டாக் காலப்போக்கில் அடி தேய்ந்து தாழ்ந்திருந்தது. அடித்தட்டுக்கும் மேல்பாகத்துக்கும் நடுவே பித்தளை ஷிம் வைத்து உயர்த்தினார். மோர்ஸ் டேப்பர் தண்டில் வழுக்கி ஓடும் டை ஹோல்டர் ஒன்று. சின்ன மரைகளுக்கு அதைவிட வேகமான வழி கிடையாது. பெட்டில் பிடித்து நிறுத்தும் கேரேஜ் ஸ்டாப். அலுமினியம் பிடிக்க எம்.எஸ். மென்தாடைகள். சக் சாவி கூட அவரே செய்ததுதான். அதன் சதுர நுனியைச் சுற்றி ஒரு ஸ்பிரிங் போட்டார். கையை எடுத்தால் சாவி தானாகத் துள்ளி வெளியே விழும். இன்னொரு பட்டறையில் சக்கில் மறந்து விட்ட சாவி பறந்து ஒரு பையனின் புருவம் கிழிந்ததைக் கேட்ட மறுநாள் செய்தது அது. செலவு ஒரு ஸ்பிரிங்தான். எல்லாப் பட்டறையிலும் சக் சாவியில் இது இருக்க வேண்டும். இல்லாத பட்டறையில் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பக் கூடாது என்பதுவரை அவர் போவார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இன்றைக்குச் சி.என்.சி. வந்துவிட்டது, டூல் போஸ்ட்டிலிருந்து ஸ்டெடிவரை பெட்டியில் வைத்து வீட்டுக்கே வருகிறது. நல்லதுதான். வாங்கக் கிடைப்பதை வாங்கலாம். ஆனால் தேய்ந்த லேத்துக்கு வரும் பாகம் அந்தத் தேய்மானத்துக்குத் தக்கதாக வராது; படத்தின் அளவுக்கு வரும். கடைசிப் பத்துத் தௌவை எங்கிருந்து எடுப்பது என்பதை அந்த லேத்தின் முன்னால் நின்றுதான் முடிவுசெய்ய முடியும். அந்தக் கைப்பழக்கம் சுருங்கி வருவது இழப்பு.

அவர் வருந்துவது ஒன்றுக்காகத்தான். ஏலத்தில் வராத சேஞ்ச் கியர்களையும் உடைந்த ஒரு கியரையும் மறுபடி செய்தபோது அதிக நேரம் போனது கடைசலில் அல்ல, அளவைக் கண்டுபிடிப்பதில். பாதிப் பல் போன சக்கரத்தில் எத்தனை பல் இருந்தது, துளைக்கு என்ன அளவு, கீ எத்தனை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அந்த மில்லில் அதைத் தினமும் பார்த்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அதற்குப் பிறகு அவர் தன் லேத்துக்கென்று ஒரு கட்டை நோட்டு வைத்துக்கொண்டார். ஒவ்வொரு பாகமும் நல்லபடியாக இருக்கும்போதே படம் போட்டு அளவு எழுதினார். லேத் கைமாறியபோது நோட்டும் கூடவே போனது.

பழைய லேத் வைத்திருப்பவர்கள் ஒரு விடுமுறை நாளில் கவரைக் கழற்றுங்கள். ஒவ்வொரு கியரின் பல்லையும் எண்ணி, அதோடு இரண்டைக் கூட்டி, வெளி விட்டத்தின் அங்குலத்தால் வகுத்து டி.பி.யைக் குறித்துக்கொள்ளுங்கள், மெட்ரிக் லேத்தாக இருந்தால் மில்லிமீட்டர் விட்டத்தை அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால் மாடுல் வரும். ஸ்பிண்டில் மூக்கின் மரை, கிராஸ் ஸ்லைடு நட்டின் நீளம், டெயில் ஸ்டாக்கின் டேப்பர், எல்லாவற்றையும் உடைவதற்கு முன்னால் எழுதி வைத்துவிடுங்கள்.